கையில் இருந்த கம்பளி



போர் என்றதும் நமக்குத் தளபதிகள் நினைவுக்கு வருவார்கள், பீரங்கி நினைவுக்கு வரும், வெற்றி தோல்வி நினைவுக்கு வரும். இன்று மாலை நான் பேச வந்திருப்பது ஒரு கம்பளியைப் பற்றி. ஒரு ஜோடி பூட்ஸைப் பற்றி. ஒரு காக்கிச் சட்டையைப் பற்றி. சிப்பாய் ஒருவனிடமிருந்து அவற்றைக் காசு கொடுத்து வாங்கிய குற்றத்துக்காகக் கோர்ட்டுக் கூண்டில் ஏறி நின்ற எளிய மனிதர்களைப் பற்றி. அவர்கள் சுடவில்லை, சுடப்படவும் இல்லை. வரலாற்றுப் புத்தகத்தில் அவர்களுக்கு ஒரு வரி கிடையாது. அந்த ஒரு வரியை எழுதத்தான் தருமபுரிக்கு வந்திருக்கிறேன்.

இதோ, இந்த மேஜைமேல் ஒரு தகர டப்பா இருக்கிறது. பின்வரிசைக்குத் தெரியாது, சொல்கிறேன். ஒரு சாண் நீளம். நீள்சதுரம், மூலைகள் மட்டும் வளைவு. ஒரு பக்கத்தில் மடக்குக் கைப்பிடி. பட்டாளத்துக்காரர்கள் இதை ‘மெஸ் டின்’ என்பார்கள். சோறும் இதில்தான், டீயும் இதில்தான், முகம் மழிக்கத் தண்ணீரும் இதில்தான். என் பாட்டி இதில் மிளகாய் வற்றல் போட்டு வைத்திருந்தார். கைப்பிடிக்குக் கீழே விரலால் தடவினால் ஒரு பள்ளம் தட்டுப்படும். மூன்று கோடுகள் ஒரு புள்ளியில் வந்து கூடுகின்றன. பாட்டி அதைக் ‘கோழிக்கால்’ என்பார். அதன் பக்கத்தில் 1942 என்று எண்.

போர்க் காலத்தில் லீவில் வந்த ஒரு பையனிடம் பாட்டி இதை வாங்கினார். பிறகு சந்தையில் யாரோ சொன்னார்களாம், பட்டாளத்துச் சாமான் வைத்திருப்பவர்களைப் போலீஸ் பிடித்துப்போகிறது என்று. அன்று இரவே டப்பா தானியக் குதிருக்குள் போயிற்று. போர் முடியும்வரை வெளியே வரவில்லை. எனக்கு விவரம் தெரிந்த பிறகும், யாராவது இந்த டப்பாவை உற்றுப் பார்த்தால் போதும், பாட்டி கேட்காமலே பதில் சொல்வார்: “திருடுனது இல்ல சாமி. ரெண்டு படி கேவுரு அளந்து போட்டு வாங்குனது.”

அளந்து போட்டு வாங்கினது! விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு ஒரு கிழவி ஆயுள் முழுக்க ஏன் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் நான் சட்டப் புத்தகங்களுக்குள் போனேன்.

நாம் உட்கார்ந்திருக்கும் இந்த மண் பழைய தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். அவனுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போன கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். தொண்டைமான் தன் ஆயுதசாலையைத் திறந்து காட்டினான். வேல்களுக்கு நெய் பூசி, மயிற்பீலி சூட்டி, காவல் போட்டு வைத்திருந்தான். அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார் ஔவையார். போர் செய்து செய்து முறிந்த வேல்கள் என்று அதற்குப் பொருள். தூதின் நுட்பத்தை நாம் இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கொண்டாடுகிறோம். எனக்கு அந்தப் பட்டறைமேல்தான் கண். அரசனின் படைக்கலம் ஊர்க் கொல்லனின் கையில் இருக்கிறது. உழவன் ஒருவன் அங்கே வந்து, முறிந்த இரும்புத் துண்டைக் கேட்டு வாங்கி அரிவாள் அடித்துக்கொண்டால்? படையின் இரும்பு எந்த நொடியில் ஊரின் இரும்பாகிறது?

நம் இலக்கியத்தில் இன்னொரு காட்சியும் உண்டு. வெட்சி வீரன் ஆநிரை கவர்ந்து வருகிறான். வந்ததும் கள் விற்றவளின் கடனுக்கு அந்த மாட்டையே ஓட்டிவிடுகிறான். சிலப்பதிகாரத்து வேட்டுவ வரியிலும் கள் விற்பவளின் பாக்கிதான் வீரனை மாடு பிடிக்க அனுப்புகிறது. தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் பார்த்திருப்பீர்கள். மாட்டைக் கவரப் போனவன், மீட்கப் போனவன், இருவருக்கும் இந்த மாவட்டத்தில் கல் இருக்கிறது. மாட்டை வாங்கிக்கொண்டவளுக்குக் கல்லும் இல்லை, அந்தக் காலத்தில் வழக்கும் இல்லை. இப்படி மாடு பிடிக்கும் சண்டையில் படையின் பொருள் என்று தனியாக ஒன்று கிடையாது. வீரனே வேல் கொண்டுவருவான். கவர்ந்ததைப் பங்கு வைத்துக்கொள்வான்.

அரசு சம்பளம் கொடுத்து, உடை கொடுத்து, தட்டு கொடுத்துப் படை வைத்துக்கொண்ட நாளிலிருந்துதான் இந்தக் குற்றம் பிறக்கிறது. ரோமானியர்களிடம் அது இருந்தது. போரில் ஆயுதத்தைத் தொலைத்த அல்லது விற்ற சிப்பாய்க்கு மரண தண்டனை என்று எழுதிவைத்தார்கள். இரக்கம் காட்டினால் வேறு படைப்பிரிவுக்கு மாற்றலாம் என்றும் எழுதிவைத்தார்கள். அங்கே கவனமெல்லாம் விற்றவன்மேல். வாங்கினவனை வளைத்துப் பிடித்ததில் பிரிட்டிஷ்காரர்கள் கெட்டிக்காரர்கள். 1881-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தில் 156-ஆம் பிரிவு என்று ஒன்று. சிப்பாயிடமிருந்து வாங்கினாலும் குற்றம், பண்டமாற்றுச் செய்தாலும் குற்றம், அடகு பிடித்தாலும் குற்றம், விற்றுவிடு என்று ஆசை காட்டினாலும் குற்றம். எந்தெந்தப் பொருள்? ஆயுதம், தோட்டா, உடுப்பு, படுக்கை, கம்பளி, பாத்திரம், ரேஷன், குதிரைத் தீவனம்வரை போகிறது பட்டியல். பதக்கமும் அதில் உண்டு. அபராதம் இருபது பவுன்வரை, அதற்கு மேல் பொருளின் விலையைப்போல் மும்மடங்கு.

தண்டனை இருக்கட்டும். அந்தப் பிரிவின் நடுவில் ஒரு சிறு வாசகம் உட்கார்ந்திருக்கிறது. இது படையின் பொருள் என்று எனக்குத் தெரியாது, அல்லது விற்றவன் சிப்பாய் என்று எனக்குத் தெரியாது, அல்லது அதிகாரியின் உத்தரவோடுதான் விற்றார்கள் என்று வாங்கினவன் நிரூபிக்க வேண்டும். அரசு நிரூபிக்க வேண்டியதில்லை. வாங்கினவன் நிரூபிக்க வேண்டும். என் பாட்டி நிரூபிக்க வேண்டும்!

தெரியாது என்று அவ்வளவு லேசில் சொல்லிவிடவும் முடியாது. ஏனென்றால் கோழிக்கால் இருக்கிறதே! அதற்கு ‘அகன்ற அம்பு’ என்று பெயர். பல நூறு ஆண்டுகளாக அரசாங்கச் சொத்தின் அடையாளம். 1875-இல் இங்கிலாந்தில் பொதுச் சரக்குச் சட்டம் என்று ஒன்று போட்டார்கள். அதன் அட்டவணையைப் படித்தபோது நான் அசந்துபோனேன். இரும்புக்கும் மரத்துக்கும் அம்புக்குறி. கயிறு என்றால் திரிக்கும்போதே வண்ண நூல் ஒன்றைச் சேர்த்துத் திரிக்க வேண்டும். கித்தான் துணியில் நீலக்கோடு. மெழுகுவத்தியின் திரிக்குள்கூட நீலநூலோ சிவப்பு நூலோ ஓட வேண்டும். எண்ணிப் பாருங்கள். இருட்டில் ஒருத்தி மெழுகுவத்தி ஏற்றிவைத்துக் குழந்தைக்குப் பால் கொடுக்கிறாள். அந்தச் சுடருக்கு நடுவே எரிந்துகொண்டிருக்கும் நூல் அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

இனி நம் ஊருக்கு வருவோம். அப்போது தருமபுரி தனி மாவட்டம் இல்லை. 1965 அக்டோபர் 2 வரை நாம் சேலம் மாவட்டம். போர் தொடங்கிய 1939-இல் இந்தியப் படையில் சுமார் இரண்டு லட்சம் பேர். போர் முடிந்தபோது இருபத்தைந்து லட்சம் பேர். எல்லோரும் விரும்பிச் சேர்ந்தார்கள் என்று கணக்கு. மானாவாரிக் காட்டில் மழை பொய்த்த ஆண்டில் விருப்பம் எப்படிப் பிறக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போரின் தொடக்கத்தில் இந்தியச் சிப்பாய்க்கு மாதச் சம்பளம் இருபது ரூபாய்க்கும் கீழே. அவன் லீவில் வீட்டுக்கு வரும்போது தோளில் ஒரு கிட் பேக். அதற்குள் கம்பளி இருக்கிறது, பூட்ஸ் இருக்கிறது, கெட்டிக் காக்கித் துணி இருக்கிறது.

ஊரில் என்ன இருந்தது? 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. பர்மா அரிசி நின்றது. மண்ணெண்ணெய் அளவுச் சாமானாயிற்று. ஜாவா ஜப்பானியர் கைக்குப் போனதும் உலகத்துக் கொய்னா மருந்தில் பெரும்பகுதி அவர்களோடு போயிற்று. மலைக்காய்ச்சல் மட்டும் நம் மலையடிவாரங்களைவிட்டுப் போகவில்லை. ஆலைத் துணியில் பெரும்பங்கைப் பட்டாளம் எடுத்துக்கொண்டது. 1943-இல் அரசாங்கம் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டு உத்தரவு போட்டது. கடையில் விலைச்சீட்டு இருந்தது, துணி இல்லை. கள்ளச்சந்தை என்ற சொல்லும் பதுக்கல் என்ற சொல்லும் வீட்டுப் பெண்களின் வாயில் அன்றாடச் சொற்களாகப் புழங்கியது அந்த ஆண்டுகளில்தான்.

இதோடு நின்றதா? ரயிலும் போயிற்று. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-இல் ஒரு சின்ன ரயில் வந்தது. இரண்டரை அடி அகலப் பாதை. 1913-இல் அது ஓசூர்வரை நீண்டது. தானியம் அதில் போயிற்று, புளி அதில் போயிற்று, கல்யாணக் கூட்டம் அதில் போயிற்று. 1941-இல் அந்தப் பாதையை மூடி, போருக்கு வேண்டும் என்று தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பிடுங்கியவர்களிடம் யாராவது ரசீது கேட்டார்களா? எங்கே கொண்டுபோகிறீர்கள், திருப்திகரமாகக் கணக்குச் சொல்லுங்கள் என்று கேட்க முடிந்ததா? அதில் மொரப்பூர்–தருமபுரிப் பாதையை மட்டும் மறுபடி போட 2019-இல் அடிக்கல் நாட்டினார்கள். இடையில் ஓடியது 78 ஆண்டு.

ஒரு மாவட்டத்தின் ரயிலையே எடுத்துக்கொண்ட அரசாங்கம், இரண்டு ஆண்டு கழித்து அந்த மாவட்டத்து ஏழையிடம் ஒரு கம்பளிக்குக் கணக்குக் கேட்டது. 1943-இல் ராணுவச் சரக்குகள் சட்டவிரோத உடைமை அவசரச் சட்டம் வந்தது. கவர்னர் ஜெனரல் பிறப்பித்தார்; எந்தச் சட்டமன்றமும் உட்கார்ந்து விவாதிக்கவில்லை. அதன் உள்ளடக்கம் மிகவும் எளியது. உன்னிடம் பட்டாளத்துச் சாமான் இருக்கிறது. அது திருட்டுப் பொருள் என்று சந்தேகிக்கக் காரணம் இருக்கிறது. எப்படி வந்தது என்று நீ திருப்தியாகக் கணக்குச் சொல்ல வேண்டும். சொல்ல முடியவில்லையா? குற்றவாளி.

சட்டம் படிக்கும் மாணவர்கள் இங்கே இருந்தால் கேட்பார்கள்: திருட்டுப் பொருளை வாங்குவது பழைய தண்டனைச் சட்டத்திலேயே, 411-ஆம் பிரிவிலேயே குற்றம்தானே, புதிதாக எதற்கு ஒரு சட்டம் என்று. நல்ல கேள்வி. 411-இல் ஒரு சிரமம் இருந்தது. பொருள் திருடப்பட்டது என்று அரசுத் தரப்பு காட்ட வேண்டும், வாங்கினவனுக்கு அது தெரியும் என்றும் காட்ட வேண்டும். 1872-இன் சாட்சியச் சட்டம் கொஞ்சம் உதவி செய்தது. திருட்டு நடந்த சூட்டோடு பொருள் ஒருவன் கையில் இருந்தால், அவன் திருடன் என்றோ தெரிந்து வாங்கினவன் என்றோ நீதிபதி ஊகித்துக்கொள்ளலாம் என்றது. கவனியுங்கள், ஊகித்துக்கொள்ள‘லாம்’. ‘லாம்’ என்ற அந்த ஒரு விகுதியில்தான் ஏழையின் மானம் தொங்கிக்கொண்டிருந்தது. நீதிபதி அவன் முகத்தைப் பார்க்கலாம், ஊர்க்காரர்களைக் கேட்கலாம், ஊகிக்காமலும் விடலாம். போர்க்காலச் சட்டம் அந்த ‘லாம்’ என்பதை அறுத்துவிட்டது.

கணக்குச் சொல் என்றால் எப்படிச் சொல்வது? சிப்பாய் சீட்டு எழுதிக் கொடுத்திருப்பானா? அவன் பெயர் சொன்னால் அவனுக்குக் கோர்ட் மார்ஷல். அவன் யார்? பங்காளி வீட்டுப் பையன், அல்லது அடுத்த ஊர்ச் சம்பந்தி மகன். பெயரைச் சொன்னால் ஒரு குடும்பம் போகும், சொல்லாவிட்டால் இந்தக் குடும்பம் போகும். சொன்னாலும் அவன் அந்த நேரம் பர்மாக் காட்டில் இருப்பான். யார் போய்ச் சாட்சி கூட்டிவருவது?

தமிழனுக்கு இந்த வழக்கு புதிதா? நமக்குத் தெரிந்த முதல் வழக்கே இதுதான். மதுரைத் தெருவில் ஒருவன் நிற்கிறான். வெளியூர்க்காரன். அவன் கையில் ஒரு சிலம்பு. அதேபோல் ஒரு சிலம்பு அரண்மனையில் காணாமல் போயிருக்கிறது. அரசனின் உத்தரவில் விசாரணை என்ற சொல்லே இல்லை. அந்தச் சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று கொண்டுவா என்பதுதான் உத்தரவு. கையில் இருந்தால்! கோவலனைக் கொன்றது ஒரு வாள் என்று சொல்கிறோம். எனக்கென்னவோ அவனைக் கொன்றது இந்த ‘கையில் இருந்தால்’ என்ற இரண்டு சொற்கள்தான் என்று தோன்றுகிறது. கண்ணகி வந்து என்ன செய்தாள்? அழுதாள், சினந்தாள், எல்லாம் சரி. அரசவையில் அவள் செய்த முதல் காரியம் அடையாளத்தைச் சோதிக்கச் சொன்னது. உன் சிலம்பில் என்ன பரல், என் சிலம்பில் என்ன பரல் என்று உடைத்துக் காட்டினாள். ராணியின் சிலம்பில் முத்து. அவள் சிலம்பில் மாணிக்கம். ஆனால் எல்லாருக்கும் கண்ணகி கிடைப்பதில்லையே! கம்பளியை உடைத்துக் காட்ட முடியுமா? அதன் பரல் என்னவென்று எந்த மாஜிஸ்திரேட்டிடம் போய்க் கேட்பது?

இவ்வளவு சொன்னபிறகு, மறுபக்கத்தையும் நான் சொல்லியாக வேண்டும். இந்த மாவட்டத்தில் பட்டாளத்தில் பிள்ளை இல்லாத ஊர் குறைவு. அவர்களை வைத்துக்கொண்டு ஒருதலையாகப் பேசக் கூடாது.

கம்பளி விற்றவன் ஒருவன் என்றால், அந்தக் கம்பளி இல்லாமல் நாகா மலைக் குளிரில் நடுங்கியவன் இன்னொருவன். அவனும் ஒரு தாயின் பிள்ளைதான். பர்மா முனையில் 14-ஆம் படையை நடத்திய ஜெனரல் ஸ்லிம் எழுதியிருக்கிறார்: 1943-இல் காயம்பட்டு வெளியேற்றப்பட்டவன் ஒருவனுக்கு, நோயில் விழுந்து வெளியேற்றப்பட்டவர்கள் 120 பேர். ஒருவனுக்கு நூற்றிருபது பேர்! அதில் மலேரியாவின் பங்கு பெரியது. அந்த நிலையில் பட்டாளத்து மாத்திரை டப்பா ஒன்று கள்ளச்சந்தைக்குப் போனால், அது ஒரு சிப்பாயின் உயிரை எடுத்துக்கொண்டு போகிறது. தோட்டா, துப்பாக்கி, மருந்து, பெட்ரோல்: இவற்றை வாங்கினவனுக்கும் விற்றவனுக்கும் தண்டனை கொடுத்ததில் எனக்கு ஒரு மனவருத்தமும் கிடையாது. இன்றைய ராணுவச் சட்டம், 1950-இன் 54-ஆம் பிரிவு, தனக்குக் கொடுத்த ஆயுதத்தையோ உடுப்பையோ கைமாற்றிவிடும் சிப்பாய்க்குப் பத்து ஆண்டுவரை சிறை என்கிறது. பதக்கத்தை விற்றாலும் அடகுவைத்தாலும் குற்றம்தான். நம் காஞ்சிபுரம் பக்கத்துச் சுபேதார் சுப்பிரமணியன், மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவுக்காரர், 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிஞ்ஞானோ அருகே கண்ணிவெடிமேல் தன் உடம்பைப் போட்டுக் கூட இருந்தவர்களைக் காப்பாற்றி உயிர் விட்டார். ஜார்ஜ் கிராஸ் விருது அவர் வீட்டுக்கு வந்தது. அப்படிப்பட்ட ஒன்றைச் சந்தைச் சரக்காக்கக் கூடாது என்று சட்டம் நினைத்தால் கைகூப்பி ஒப்புக்கொள்வேன்.

நான் ஒப்புக்கொள்ள மறுப்பது ஒன்றே ஒன்று. துப்பாக்கிக்கும் கம்பளிக்கும், நூறு கம்பளிக்கும் ஒரு கம்பளிக்கும், வியாபாரிக்கும் கிழவிக்கும் சட்டம் வேறுபாடு பார்க்கவில்லையே, அதை.

இத்தாலி என்றேன். அந்த இத்தாலிக்கே போவோம், ஏனென்றால் இந்தக் குற்றம் அதன் முழு உருவத்தில் தெரிந்த ஊர் நேப்பிள்ஸ். 1943 அக்டோபர் 1-ஆம் தேதி நேச நாட்டுப் படைகள் அந்த ஊருக்குள் நுழைந்தன. ஊரில் ரொட்டி இல்லை, தண்ணீர் இல்லை, உடுப்பு இல்லை. துறைமுகத்தில் மட்டும் கப்பல் கப்பலாகப் பட்டாளத்துச் சாமான் இறங்கியது. சில மாதங்களில் ஊரே ராணுவக் கம்பளியைச் சாயம் தோய்த்துக் கோட்டு தைத்துப் போட்டுக்கொண்டு திரிந்தது. அங்கே இருந்த பிரிட்டிஷ் உளவுப்பிரிவுக்காரர் நார்மன் லூயிஸ் இதையெல்லாம் கண்ணால் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். ராணுவ நீதிமன்றங்கள் நாள்தோறும் நடந்தன. நேச நாட்டுச் சொத்தை வைத்திருந்தான் என்று எளிய மனிதர்கள் சிறைக்குப் போனார்கள்.

பெரிய கை யார்? வீட்டோ ஜெனோவீஸ். அமெரிக்காவில் கொலை வழக்குக்குப் பயந்து இத்தாலிக்கு ஓடிவந்த மாஃபியாக்காரன். அவன் அப்போது எங்கே இருந்தான் தெரியுமா? நேச நாட்டு ராணுவ நிர்வாகத்துக்கே மொழிபெயர்ப்பாளனாக இருந்தான்! பகலில் அதிகாரிகளுக்குப் பக்கத்தில் நாற்காலி. இன்னொரு பக்கம் பட்டாளத்து மாவும் சர்க்கரையும் லாரி லாரியாகக் கள்ளச்சந்தைக்குப் போயின. ஆரஞ்ச் டிக்கி என்ற இளம் ராணுவத் துப்பறிவாளர் ஒருவர் விடாமல் துரத்தி 1944 ஆகஸ்டில் அவனைப் பிடித்தார். பிடித்து என்ன ஆயிற்று? கள்ளச்சந்தை வழக்கு நடக்கவே இல்லை. பழைய கொலை வழக்குக்காக அமெரிக்கா கொண்டுபோனார்கள். முக்கியச் சாட்சி சிறையிலேயே விஷத்தால் செத்துப்போனான். 1946-இல் ஜெனோவீஸ் விடுதலையாகி வெளியே நடந்தான். கோட்டுத் தைத்துப் போட்டவன் உள்ளே. லாரி ஓட்டிப்போனவன் வெளியே.

நம் நாட்டிலும் இதன் வேறொரு வடிவம் நடந்தது. 1945-இல் போர் முடிந்தது. மலைமலையாகக் குவிந்திருந்த ராணுவச் சரக்கை என்ன செய்வது? ‘டிஸ்போசல்’ என்று ஒரு சொல் வந்தது. பெரியவர்களுக்கு நினைவிருக்கும், டிஸ்போசல் சாமான். ஏலம் விட்டார்கள். பணம் இருந்தவர்கள் மொத்தமாக எடுத்தார்கள். பட்டாளத்து லாரி பஸ்ஸாயிற்று. காக்கித் துணி மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தது. சென்னை மூர் மார்க்கெட்டிலும் நம் ஊர்ச் சந்தைகளிலும் மிலிட்டரிக் கம்பளி, மிலிட்டரிக் கோட்டு என்று கூவி விற்றார்கள். அதே கம்பளி! அதே அம்புக்குறி! 1944-இல் அது கையில் இருந்தால் வழக்கு. 1946-இல் அது கையில் இருந்தால் வியாபாரம். என் பாட்டியின் டப்பா குதிரிலிருந்து வெளியே வந்ததும் அப்போதுதான். சந்தையில் அதேமாதிரி டப்பாவை ஒருவன் கோபுரமாக அடுக்கி வைத்து விற்றுக்கொண்டிருந்தானாம். பாட்டி சற்று நேரம் அங்கேயே நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தார்.

போர் முடிந்தால் போர்ச் சட்டமும் முடிந்துவிடும் என்று நினைப்போம். அப்படி நடப்பதில்லை, நண்பர்களே. ராணுவச் சரக்கு அவசரச் சட்டத்தின் தம்பியாக 1944-இல் ரயில்வே சரக்குகளுக்கு ஓர் அவசரச் சட்டம் வந்தது. அது 1955-இல் சுதந்திர இந்தியாவின் நிரந்தரச் சட்டமாயிற்று. 1966-இல் இன்னும் இறுகி ரயில்வே சொத்து (சட்டவிரோத உடைமை) சட்டமாயிற்று. இன்றும் நடைமுறையில் இருக்கிறது. முதல் குற்றத்துக்கே ஐந்து ஆண்டுவரை சிறை. சட்டப்படி என் கைக்கு வந்தது என்று வைத்திருப்பவனே நிரூபிக்க வேண்டும். மொரப்பூரிலோ ஜோலார்பேட்டையிலோ ஒரு காயலான் கடைக்காரரிடம் போய் ‘ஆர்பிஎஃப் கேஸ்’, அதாவது ரயில்வே பாதுகாப்புப் படை வழக்கு, என்று சொல்லிப் பாருங்கள், முகம் எப்படி மாறுகிறது என்று. குப்பை பொறுக்கும் பையன் சாக்கில் போட்டுக்கொண்டுவந்த இரும்பில் ஒரு போல்ட் ரயில்வே போல்ட்டாக இருந்துவிட்டால், எடைபோட்டு வாங்கியவர் கூண்டில் ஏற வேண்டும். போர்க்காலத்துக்கு என்று தைத்த சட்டையை அமைதிக்காலத்துக்கும் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஈழத்தில் நம் சொந்தங்கள் இதைவிடக் கொடியதைக் கண்டார்கள். பெட்ரோலும் சிமெண்டும் டார்ச் பேட்டரியும் வடக்கே போகக் கூடாது என்று தடை இருந்த ஆண்டுகளில், ஒரு வீட்டில் பேட்டரி இருப்பதே கேள்விக்குரிய செய்தியாயிற்று. அதைப் பற்றித் தனியாக ஒரு நாள் பேச வேண்டும். இன்றைக்கு நேரம் போதாது.

இங்கே இன்றைக்கு என்ன நடக்கிறது? ‘மிலிட்டரி சரக்கு’ என்றால் தருமபுரியில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. ராணுவ கேன்டீன் பாட்டில் கைமாறுகிறது. பிடிபட்டால் மதுவிலக்குச் சட்டத்தில் வழக்கு. அந்தச் சட்டத்துக்கும் நமக்கும் பழைய உறவு உண்டு. 1937 அக்டோபர் 1-ஆம் தேதி ராஜாஜி மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது அன்றைய சேலம் மாவட்டத்தில், அதாவது நம் மண்ணில்தான். குடித்துக் குடும்பத்தைக் கெடுக்கும் சரக்குக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். சீருடைத் துணிக்கும் இன்று கெடுபிடி அதிகம். 2022 ஜனவரி 15, ராணுவ தினத்தன்று, படை தன் புதிய புள்ளிப்போட்ட சீருடையைக் காட்டியது. அந்த வடிவத்துக்கு அறிவுசார் உரிமையும் பதிவுசெய்தது. வெளிக்கடையில் தைத்து விற்கக் கூடாது என்று எச்சரித்தது. ராணுவ உடுப்பில் வந்து தாக்குதல் நடத்திய பயங்கரவாதிகளை 2016-இல் பதான்கோட்டில் பார்த்த நாடு இது. அந்த எச்சரிக்கையில் நியாயம் இருக்கிறது. சிப்பாய் என்று நம்பவைக்கும் நோக்கத்தோடு சீருடை அணிவது தண்டனைச் சட்டத்தில் வெகுகாலமாகவே குற்றம். அந்தப் பிரிவைப் படித்துப் பாருங்கள். ‘நோக்கத்தோடு’ என்ற சொல் அதில் இருக்கிறது. நோக்கத்தை அரசு நிரூபிக்க வேண்டும். குளிருக்குப் பழைய மிலிட்டரிக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஆடு மேய்க்கும் கிழவரை அந்த ஒரு சொல் காப்பாற்றுகிறது. 1943-இல் கேட்கத் தவறிய சொல் இதுதான். என்ன நோக்கத்தில் வாங்கினாய் அம்மா? குளிருக்கா, கொள்ளைக்கா? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

என் பேச்சு முடியப்போகிறது. உங்களிடம் ஒரு வேலை ஒப்படைக்க வேண்டும்.

உங்கள் வீட்டுப் பரணில், பழைய டிரங்குப் பெட்டியில், மாட்டுக்கொட்டகை ஆணியில் தேடிப் பாருங்கள். தண்ணீர் பாட்டில் இருக்கலாம், பெல்ட் இருக்கலாம், செல்லரித்த கம்பளி இருக்கலாம். எங்காவது கோழிக்கால் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் வீட்டில் எண்பது, தொண்ணூறு வயதுக்காரர்கள் இருக்கும்போதே கேட்டுவையுங்கள்: யாரிடம் வாங்கியது, எதை அளந்து கொடுத்தது, எங்கே ஒளித்துவைத்தது, யாராவது கோர்ட்டுக்குப் போனார்களா. இனி யாரும் அவர்களைப் பிடிக்கப்போவதில்லை என்று முதலில் சொல்லிவிட்டுக் கேளுங்கள். அந்தப் பயம் இன்னும் சிலருக்குள் இருக்கிறது.

இந்த டப்பாவை வாசலுக்குப் பக்கத்து மேஜையில் வைக்கப்போகிறேன். போகும்போது கையில் எடுத்துப் பாருங்கள், கைப்பிடிக்குக் கீழே விரலால் தடவிப் பாருங்கள். பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். முதல் வரி நான் எழுதியிருக்கிறேன்: மெஸ் டின் ஒன்று, கேழ்வரகு இரண்டு படி. அடுத்த வரியிலிருந்து உங்களுக்காக விட்டிருக்கிறேன். பேனாவும் அங்கேயே இருக்கிறது.